என் அறிவுக்கு எட்டிய வரை

ஜூன் 5, புதன்

இன்று சுற்றுச்சூழல் தினம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் சாயப்பட்டறை முதலாளிகள் சங்கத்தின் தலைவர். மரக்கன்றுகள் அவர்கள் உபயமாம். ஆற்றுக்கு வாரம் ஒரு நிறம் கொடுப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பச்சை நிறமும் கொடுக்கிறார்கள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் அதன் பிறகு எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் கம்பம் ஏறி இறங்கிய இந்தச் சென்னியப்பன் இப்போது மக்கள் நலவாழ்வுக் குழுவின் செயலாளர். எங்கே பேசினாலும் மூன்று விஷயம்தான் சொல்கிறேன். வைத்தியம் கடையில் விற்கிற பண்டம் அல்ல. நல்ல தண்ணீர் தருவது அரசாங்கத்தின் வேலை. மருந்துக் கடைக்காரர் டாக்டர் அல்ல. மூன்றாவதைச் சொன்னபோது பையன்கள் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி துளசிமணியிடம் பெருமையடித்தேன். "அத்தனையும் பேசிப்போட்டு, அந்தாளு குடுத்த கன்னையும் வாங்கிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்றாள். கையில் ஒரு வேப்பங்கன்று இருந்தது வாஸ்தவம்தான்.

ஜூன் 9, ஞாயிறு

ஆற்றங்கரை நகரில் கணக்கெடுப்பு ஆரம்பித்துவிட்டோம். இரண்டு வருஷத்தில் எங்கள் பகுதியில் ஒன்பது பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருக்கிறது. சர்க்கரை இல்லாதவர்கள், ரத்த அழுத்தம் இல்லாதவர்கள். ஆழ்துளைக் கிணற்றில் சாயக்கழிவு இறங்குகிறது என்று நாங்கள் சொன்னால், ஆதாரம் எங்கே என்கிறார்கள். சரி, ஆதாரம்தானே. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ரத்தம் எடுப்பதென்று இறங்கிவிட்டோம். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்ற இஸ்மாயில் பாய்தான் இதில் எனக்கு வலது கை.

விதி நான் போட்டது. சர்க்கரை, அழுத்தம், தினமும் வலி மாத்திரை விழுங்கும் பழக்கம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அவர்கள் பட்டியலில் வரக்கூடாது. வலி மாத்திரையே சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பதால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் கை வைப்பார். பெயர் கிடையாது, எண் மட்டும்.

இன்று எங்கள் வீட்டு முறை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் துளசிமணியின் கையில் ஊசி போட்டுவிட்டு, "வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறதுண்டாம்மா?" என்று கேட்டார்.

"பாய், யாரு வீட்ல வந்து என்ன கேள்வி கேக்கறீங்க" என்றேன்.

"கேட்டு எழுதணுமே சார். நீங்க போட்ட விதிதான்."

"இல்லைன்னு எழுதுங்க. இந்த வீட்டுக்குள்ள அந்தக் கருமம் வந்ததே இல்லை."

பாய் எழுதினார். துளசிமணி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி டீ போட உள்ளே போனாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

ஜூன் 15, சனி

சனிக்கிழமைதோறும் குப்பை பிரிப்பது என் வேலை. மக்கும் குப்பை, பிளாஸ்டிக், தாள், உலோகம் என்று நான்கு கூடை. நகராட்சி வண்டிக்காரர்கள் நான்கையும் ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள். அதற்கு ஒரு மனு போட்டிருக்கிறேன்.

தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடம் சாக்கடையில் போகிறது. நான் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். தொலைவில் வேறோர் ஆற்றில் இருந்து வரும் குடிநீர்த் திட்டக் குழாய் தெருமுனையில் இருக்கிறது, குடிக்க அது போதும். துளசிமணி காலையில் நான்கு குடம் எடுத்து வந்து மாடி ஏறிவிடுகிறாள். எனக்குக் கம்பம் ஏறிய இடுப்பு, குனிந்து தூக்க முடியாது. முட்டி வலிக்கிறது என்று போன வருஷம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்தால் சரியாகிவிடும் என்றேன். இப்போது சொல்வதே இல்லை.

ஜூன் 22, சனி

முடிவுகள் வந்துவிட்டன. விதிப்படி வடிகட்டியது போக நாற்பத்தேழு பேர். ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்று, ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். இந்த நாற்பத்தேழு பேருக்கும் தாண்டியிருக்கிறது.

முப்பத்தொன்றாம் எண்: பெண், வயது ஐம்பத்தேழு, 2.1.

பாய் தாளை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்று எங்கள் வீடு.

பயந்தேன். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன்: பயத்துக்கு நடுவில் ஒரு நிமிஷம், இனி எவனும் என்னை ஊரான் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பவன் என்று சொல்ல முடியாது என்றும் தோன்றியது.

ஜூன் 25, செவ்வாய்

அரசு மருத்துவமனை. துளசிமணியின் தம்பி கோயம்புத்தூர் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். அரசு மருத்துவமனையைக் காப்பாற்றப் பேசுகிறவன் தன் மனைவியைத் தனியாரிடம் கூட்டிப்போனால் ஊர் சிரிக்காதா. அதுவுமில்லாமல் டாக்டர் மெர்லின் கெட்டிக்காரர், சின்ன வயசு, நோயாளியை உட்கார வைத்துப் பேசுகிறார்.

"வலி மாத்திரை எதுவும் எடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றேன்.

"அப்ப தண்ணியத்தான் சந்தேகப்படணும். இந்த அளவுல பிடிச்சிட்டோம், அது நல்லது. காரணம் தெரிஞ்சு நிறுத்திட்டா இப்படியே பல வருஷம் ஓட்டலாம். உப்பு குறைங்க, மாசாமாசம் வாங்க."

அன்றே சமையல் தண்ணீரையும் மாற்றிவிட்டோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இனி பாத்திரம் கழுவ மட்டும். துளசிமணி இப்போது ஆறு குடம் எடுக்கிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

உதவி ஆட்சியர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் மனு போட்டதற்கு முதல் பலன். 30ஆம் தேதி விசாரணை. பட்டியலோடு செயலாளரின் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். எங்கள் வக்கீல் எழுதிக் கொடுத்ததன் கடைசி வரி: 'மேற்கண்ட விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை.'

நான் பொய் சொல்லாதவன் என்பது எதிரிகளே ஒப்புக்கொள்வது. இந்த ஊரில் எனக்கு இருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

ஜூலை 13, சனி

குப்பை பிரிக்கும்போது ஒரு பால் கவர் கனமாக இருந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். ஏழு. எல்லாம் காலி. நாலாக மடித்து, கவருக்குள் திணித்து, மேலே ரப்பர் போட்டிருந்தது. டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. இந்தப் பெயரை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்.

கீழ் வீட்டில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். நாளெல்லாம் நின்றே வேலை, கால் வலிக்கும். அவர்கள் குப்பை நம் கூடையில் விழுந்திருக்கிறது.

துளசிமணி அடுக்களையில் இருந்தாள். "என்னங்க, இன்னும் ஆகலீங்களா?" என்று குரல் மட்டும் வந்தது. ஆயிற்று என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

கீழ் வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

மூன்று.

ஜூலை 24, புதன்

சாப்பிடும்போது வலி மாத்திரைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் ஒவ்வொரு வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு வைக்கும் கொள்ளி' என்று ஆரம்பிக்கும். முழுவதும் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி ரசம் ஊற்றினாள்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்வாள். பதில் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எப்படிக் கையெழுத்துப் போடுவது? முப்பத்தொன்றை எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். செயலாளர் வீட்டு எண்ணே பொய் என்றால் மற்ற நாற்பத்தாறு பேரையும் யார் நம்புவார்கள்? பதினோரு வருஷ உழைப்பு அரை மணி நேரத்தில் ஆற்றோடு போய்விடும். இன்னும் ஆறு நாள்தான். 30ஆம் தேதி விசாரணை முடிந்ததும், வீட்டுக்கு வந்த கையோடு கேட்டுவிடுவேன்.

ஜூலை 29, திங்கள்

கையெழுத்துப் போட்டாயிற்று.

ஜூலை 30, செவ்வாய்

உதவி ஆட்சியரை மாற்றிவிட்டார்கள். செப்டம்பர் 4க்கு ஒத்திவைப்பு. அலுவலக வாசலில் நாற்பது பேர் வெயிலில் நின்றோம். பாய் எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் துளசிமணி, "முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

"இல்லை. தள்ளிப் போட்டுட்டாங்க."

"அப்ப இன்னும் ஒரு மாசமா" என்றாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மருத்துவமனை. 3.4. டாக்டர் மெர்லின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வாரத்தில் இவ்வளவு ஏறக்கூடாதாம். தண்ணீரை மாற்றியும் ஏறுகிறதே என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை என்றேன்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. துளசிமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

கீழ் வீட்டுத் தம்பதி காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவிப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 24, சனி

நான்கு அட்டைகள். கீழ் வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் குடத்தை நான் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு படியோடு நின்றுவிட்டேன். அவள் வந்து வாங்கிக்கொண்டாள். "ஏனுங்க இந்த வேண்டாத வேலை உங்களுக்கு" என்றாள். முட்டிக்குத் தேய்க்கத் தைலம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். யாருக்கு, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு பேசாத்தனம் எங்களுக்குள் இருந்ததில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 4, புதன்

புதிய உதவி ஆட்சியருக்குக் கோப்பைப் படிக்க நேரம் வேண்டுமாம். அக்டோபர் 16.

அக்டோபர் 16 வரை என்று எழுதும்போது பேனா நின்றது. இந்த வாரமும் மூன்று கிடந்தன. வாரத்துக்கு மூன்று அட்டை வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்று மனதை அடக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

அவள் காலில் செருப்பு ஏறவில்லை. புறங்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ரொம்ப நேரம் நின்று சமைத்தாள், அதனால் என்றாள். இருக்கும் என்றேன். என் செருப்பைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மதியம் வாசகசாலையில் கூட்டம். 'நோயாளியின் தகவல் அறியும் உரிமை' என்பது தலைப்பு. நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

செப்டம்பர் 28, சனி

குப்பைக் கூடைகளை எடுத்து வைத்தேன். துளசிமணி வந்து பக்கத்தில் மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே நானே பிரிச்சுக்கறேனுங்க. நீங்க போயி மனு எழுதுங்க."

"உனக்குக் கால் வீங்கிக் கெடக்குது."

"உக்காந்துட்டே செய்யறதுதானே. நீங்க போங்க."

எழுந்து வந்துவிட்டேன். நெஞ்சில் இருந்து கல் இறங்கிய மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்து, அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

5.2. வாய் கசக்கிறது, சோறு பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அவளே டாக்டரிடம் சொன்னாள். எனக்கு இதில் பாதி புதுச் செய்தி.

டாக்டர் மெர்லின் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, மறைக்காம சொல்லுங்க. வலிக்கு மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், எதாவது?"

துளசிமணி என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை நான் மேலிருந்து கீழே படித்து முடித்துவிட்டேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் கேட்டது அவளைத்தான். என்னைக் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. மாவட்டம் முழுக்க அலுவலகங்களுக்கு விடுமுறை. விசாரணை நவம்பர் 13க்குப் போய்விட்டது. ஆறு கருஞ்சிவப்பாக ஓடுகிறதாம். மழை வந்தால் சேர்த்து வைத்த கழிவையெல்லாம் திறந்துவிடுவார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். பாய் போய்ப் படம் எடுத்து வந்தார். நான் போகவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இன்னும் மழை. துளசிமணியால் கட்டிலில் இருந்து எழ முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். முனகல் மட்டும் வருகிறது.

பால் வாங்கக் குடை எடுத்துக்கொண்டு போனேன். மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டார். என் பேச்சைக் கேட்டு ஆறு வருஷமாக என்னிடம் முகம் கொடுக்காதவர். பழைய பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"அம்மா போன் பண்ணியிருந்தாங்க. மழைல வர முடியலைன்னாங்க. குடுத்துருங்க சார்."

வாங்கிக்கொண்டேன். பால் கவரோடு ஒரே பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். நான் அடுக்களைக்கு வந்து பாலைக் காய்ச்சினேன்.

நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். 108 வந்தது. கிரியேட்டினின் 8.6. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடியது. இந்த மருத்துவமனைக்கு அந்த இயந்திரம் வரவேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தியது எங்கள் குழு. வாசலில் உள்ள பலகையில் என் பெயர்கூட இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

இரண்டாவது டயாலிசிஸ்.

நவம்பர் 9, சனி

கொஞ்சம் பேசுகிறாள். மாத்திரை இங்கே கிடைக்காது, அதனால் முட்டி வலி தாங்க முடியவில்லை போல. கால்மாட்டில் உட்கார்ந்து முட்டியை அமுக்கிவிட்டேன். அமுக்க அமுக்க அவள் கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லீங்க. நீங்க இப்படி உக்காந்து எத்தனை வருசமாச்சு."

டாக்டர் மெர்லின் தாழ்வாரத்தில் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். 13ஆம் தேதிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். நான் இவ்வளவு கோழை என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 13, புதன்

இன்று விசாரணை நடந்தது.

காலையில் மருத்துவமனைக்குப் போனபோது துளசிமணி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. நர்சிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆட்சியர் அலுவலகக் கூட்ட அறை. உதவி ஆட்சியர் முப்பது வயதுகூட ஆகாத பெண். நடுவில் அவர், இடப்பக்கம் பட்டறை முதலாளிகளும் அவர்கள் வக்கீலும், வலப்பக்கம் நாங்கள். பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். அவர்கள் வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்கலாம். நான் நின்றுகொண்டு வாசித்தேன். முதல் பத்து எண் முடிந்தது. பாய் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"எண் முப்பத்தொன்று. பெண். வயது ஐம்பத்தேழு. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. வலி மாத்திரை" என்று வாசித்து நின்றேன்.

அடுத்த சொல் தாளில் இருக்கிறது. பாயின் கையெழுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதியது. வாயில் வரவில்லை. கழுத்தில் குழாயோடு படுத்திருப்பவளை நினைத்துக்கொண்டேன். எப்படி நினைக்காமல் இருப்பது.

"சார்?" என்றார் உதவி ஆட்சியர்.

"முப்பத்தொன்று என்னோட வீடுங்க. என்னோட சம்சாரம். வலி மாத்திரை சாப்பிடறாங்க. ரொம்ப நாளா. பட்டியல்ல இல்லைன்னு போட்டது தப்பு. தப்பு பண்ணுனது நான்."

அறை இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன். நான்கு மாதமாகத் தினமும் மனதுக்குள் கேட்டுப் பழகிய கூச்சல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர்கள் வக்கீல் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "என்ன எண்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"அப்ப அதை அடிச்சிடலாம் சார்" என்றார் உதவி ஆட்சியர். பேனாவால் ஒரு கோடு போட்டார். "மீதி நாப்பத்தாறு இருக்குல்ல. ஒண்ணு போறதால பட்டியலுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்களா சொன்னது நல்லதுதான், பதிவு பண்ணிக்கறேன். அடுத்தது?"

முப்பத்திரண்டை வாசித்தேன். நாற்பத்தேழு வரை வாசித்தேன். சென்னையில் இருந்து தனிக்குழு வந்து எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கும், அதுவரை ஆற்றங்கரை நகர் பக்கமுள்ள பட்டறைகள் மூடியிருக்கும் என்று உத்தரவு போட்டார். எங்கள் ஆட்கள் வெளியே வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ என் தோளில் துண்டு போட்டார்கள். பாய் மட்டும் ஒரு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகே வந்து, "அன்னைக்கு நான் அம்மாகிட்டதான் சார் கேட்டேன்" என்றார். நிற்காமல் போய்விட்டார்.

அரை நிமிஷம். ஒரு கோடு. இதற்காகத்தான் நான்கு மாதம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேன்.

துண்டுடனேயே பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் மெர்லின் துளசிமணியின் கட்டிலருகே இருந்தார். மூச்சு வாங்கியது. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். டைக்ளோஃபெனாக், தினமும், மருந்துக் கடையில் வாங்கியது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். பிறகு துளசிமணியிடம் கேட்டார். "எவ்வளவு நாளாம்மா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்குமுங்க. மொதல்ல ஒண்ணு. அப்புறம் மூணு, நாலு."

"கிரியேட்டினின் ரெண்டு இருந்தப்பவே மாத்திரைய நிறுத்தியிருந்தா டயாலிசிஸ் வரைக்கும் வந்திருக்காது. தண்ணி பாதி பண்ணியிருக்கும், சரி. ஆனா இந்தக் கடைசி நாலு மாசம் மாத்திரைதான்." நோயாளி அட்டையை எடுத்தார். "இனி வாரம் ரெண்டு தடவை இயந்திரம்தான். அதுல மாத்தமில்லை." எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு இது எப்பத்துல இருந்து தெரியும்?"

ஜூலை 13 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க டாக்டர்" என்றாள் துளசிமணி. தலையணையில் இருந்து தலையைத் தூக்க முயன்றாள், குழாய் இழுத்தது. "நான்தான் ஒளிச்சு ஒளிச்சு வாங்கிட்டிருந்தேன். இன்னைக்குக் காலைல, விசாரணைக்குப் போறதுக்கு முன்னாடிதான் இவருகிட்டச் சொன்னேன். அதுக்கு முந்தி இவருக்கு எதுவுமே தெரியாதுங்க."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

இன்று காலை அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிய வந்த நாளாக டாக்டர் அட்டையில் இன்றைய தேதியைப் போட்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை.